மருந்தடிக்கும் அட்டை

எனக்கு எழுபத்தொரு வயது. நாலு பிள்ளைகளை வளர்த்தேன். ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். தமிழ் எழுதுவேன், ஆனால் மெதுவாகத்தான் வரும். டொச், அதுதான் ஜெர்மன் மொழி, பேசுவேன், எழுத மாட்டேன். வாசிப்பதென்றால் மருந்துப் போத்தலில் ஒட்டியிருப்பதை வாசிப்பேன். அதை முழுவதும் வாசிக்கிற ஆட்களை இந்த நாட்டிலும் நான் அதிகம் காணவில்லை.

வேலை செய்து ஓய்வூதியம் வாங்குகிறவள் நான். பூக்கள் வளர்க்கும் இடத்தில் வேலை. ஹம்பேர்க்கின் ஓரத்தில், ஆற்று அணைக்குக் கீழே, கண்ணாடி வீடுகள் வரிசையாக நிற்கும். எஸ்-பான் ரயிலில் இறங்கி, பிறகு பஸ், பிறகு கொஞ்சத் தூரம் நடை. உள்ளே மேசை மேசையாகச் சட்டிகள். குளிர் முடியும்போது பிறிமெல், அது போக ஜெரேனியம், இலை கொட்டுகிற காலத்தில் சைக்கிளமென். தொடக்கத்தில் எனக்கு மண் போடுகிற வேலைதான் தந்தார்கள். சட்டி, மண், செடி, அமத்து, அடுத்த சட்டி.

மருந்தடிக்க அங்கே ஒருவருக்கும் விருப்பமில்லை. உடுப்பு வேர்க்கும், முகமூடி மூச்சை முட்டும், தலையிடிக்கும் என்பார்கள். "யார் என்னோடு வருகிறீர்கள்?" என்று முதலாளி ஒருநாள் கேட்டபோது எல்லோரும் தங்கள் தங்கள் சட்டியைப் பார்த்தார்கள். நான் கையை உயர்த்தினேன். எங்கள் ஊரில் மிளகாய்த் தோட்டத்துக்கு மருந்தடிப்பது ஆம்பிளைகளின் வேலை. பெண்கள் வாளியில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரம்பில் நிற்போம். இங்கே அந்த மருந்துக் குழாயை என் கையில் தருகிறார்கள் என்றால் நான் ஏன் விடவேண்டும்?

வெள்ளை உடுப்பு, முகமூடி, முழங்கை வரை கையுறை, சப்பாத்து. அந்தக் கோலத்தில் எடுத்த படத்தைப் பார்த்து என் கடைசி மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அம்மா, சந்திரனுக்கோ போறியள்?"

"ஓம். நீயும் வாறியெண்டா வா, அங்கை மருந்தடிக்க வெள்ளை ஈ இல்லையாம்."

முதலாளி படித்தவர், பரீட்சை எழுதியவர். அவருடைய பொறுப்பில், அவர் வாசலில் நின்று பார்க்க, நான் அடிப்பேன். பூட்டிய அலுமாரியை அவர் திறந்து மருந்தை எடுப்பார். முதலில் தண்ணீர், பிறகுதான் மருந்து. காற்று வாங்கிகளை மூடு. தூரத்து மூலையில் தொடங்கிப் பின்பக்கமாக நடந்து வா, அடித்த மருந்துப் புகாருக்குள் நீ நடக்கக் கூடாது. வெளியே வந்ததும் சங்கிலியை மாட்டி, உள்ளே வராதே என்ற பலகையைத் தொங்கவிடு. பின்பக்கமாக நடக்க எனக்கு முதலில் பயம். போகப்போகக் கால்களுக்கே வழி தெரிந்தது. ஒரு மேசையில்கூட இடித்தது கிடையாது.

பிறகு சட்டம் இறுகியது. அரசாங்கத்தின் தாவரப் பாதுகாப்புப் பகுதியில் இருந்து ஒரு பெண் வந்து, மருந்துத் தாங்கியைப் பார்த்தா, அலுமாரிப் பூட்டை இழுத்துப் பார்த்தா, கடைசியில் என்னைப் பார்த்தா. மரியாதையாகத்தான் கேட்டா. "உங்களிடம் அட்டை இருக்கிறதா?" என்னிடம் பஸ் அட்டை இருந்தது.

அவ விளங்கப்படுத்தினா. தொழிலாக மருந்து அடிக்கிற யாருக்கும் இனி அந்த அட்டை வேண்டும். அதற்கு ஒரு வகுப்பு. பிறகு பரீட்சை: தாளில் ஒன்று, வாயால் ஒன்று, கையால் செய்து காட்டுவது ஒன்று. அட்டை கிடைத்தாலும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி வகுப்பில் போய் இருக்கவேண்டும். அட்டை இல்லாதவர் தண்ணீர் நிரப்பலாம், குழாயைப் பிடிக்கலாம். அடிக்கிற வேலைக்கு அட்டைக்காரர்தான்.

முதலாளிக்கு அப்போது முழங்கால் சத்திரசிகிச்சை செய்ய இருந்தது. அவரைத் தவிர இன்னொருவருக்கு அட்டை இல்லாவிட்டால் வேலை நடக்காது. பவுசை என்கிற இடைவேளையில் எல்லோரும் கோப்பி குடிக்கும்போது அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். "குளிர்காலத்தில் ஒராளை வகுப்புக்கு அனுப்பப்போகிறேன். உன்னைத்தான். வருவாயா?"

"யா," என்றேன். கோப்பியை அதற்கு மேல் குடிக்க முடியவில்லை.

அவர் ஒரு பாடப் புத்தகம் தந்தார். வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியில் பஸ்ஸில் அதை மடியில் விரித்து வைத்திருப்பேன். தேனீக்கு ஆபத்தானது எது, வாய்க்காலுக்கு எவ்வளவு தள்ளி நிற்கவேண்டும், எந்தக் கையுறை எதற்கு. நீளமான சொற்களை நடுவில் கோடு போட்டு இரண்டாகவும் மூன்றாகவும் வெட்டினேன். வெட்டினால் பயம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைகளில் என் மூத்த மகள் பக்கத்தில் இருந்து வாசித்து விளங்கப்படுத்தினாள். அவள் கேட்பாள், நான் சொல்வேன். சரியாகச் சொன்னால், "அம்மா, நீங்க பாஸ்," என்பாள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆறுவதில்லை. எனக்கு அந்த அட்டை எவ்வளவு வேண்டும் என்பதை உலகத்திலேயே அறிந்த ஒரே ஆள் அவள்.

இந்த மகளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். நாங்கள் அகதியாக வந்தபோது அவளுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் சீக்கிரம் டொச் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு எனக்கு வாய் அவள்தான். டொக்டரிடம், வெளிநாட்டவர் அலுவலகத்தில், வீட்டுக்காரனிடம், டெர்மின் என்று நேரம் குறித்துத் தந்த எல்லா இடத்துக்கும் அவள் பின்னலை இழுத்துக் கட்டிக்கொண்டு என்னோடு வருவாள். அவர்கள் கால் மணித்தியாலம் பேசுவார்கள். அவள் என் பக்கம் திரும்பி, "ஒண்டுமில்லையாம், அம்மா," என்பாள். இவ்வளவு பேசினது ஒன்றுமில்லையா என்று கேட்டால், "அவ்வளவுதான் அம்மா, வாங்கோ," என்பாள்.

எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற வேலை இது. தொலைபேசி இலக்கம் என்று எங்கே கேட்டாலும் பிள்ளையின் இலக்கத்தைக் கொடுத்துவிடுவோம். பிள்ளை வளர்ந்து, கட்டி, தானும் பிள்ளை பெற்ற பிறகும் அந்த இலக்கத்தை மாற்றுவதில்லை. எனக்கென்று கைத்தொலைபேசி வந்த பிறகும் வேலையிடத்தில் இருந்தது மகளின் இலக்கம்தான். வகுப்பில் பெயர் பதிவதைப் பற்றி முதலாளி போன் எடுத்ததும் அந்த இலக்கத்துக்குத்தான்.

ஒரு சனிக்கிழமை மகள் வந்து குசினியில் நின்றாள். உட்காரவில்லை.

"அம்மா, முதலாளி எடுத்தவர்."

"என்னவாம்? எப்பவாம் வகுப்பு?"

"அது சரிவராதாம். ஐம்பத்தைஞ்சுக்கு மேலை இருக்கிற ஆக்களுக்குப் புதுசா அந்த அட்டை குடுக்கமாட்டினமாம்."

"ஆர் சொன்னது?"

"சட்டமாம், அம்மா. அவருக்கும் சரியான கவலை. நீங்க போய் அவரிட்டை ஒண்டும் கேளாதேங்கோ, அந்தாளுக்கு வெட்கமாயிருக்கும்."

எனக்கு அப்போது ஐம்பத்தொன்பது. நம்பினேன். ஏன் நம்பமாட்டேன்? குப்பையை எந்த வாளியில் போடுவது என்பதற்கும், ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடிக்கலாமா என்பதற்கும் சட்டம் வைத்திருக்கிற நாடு. வயதுக்கும் ஒன்று வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

"அப்ப ஆர் போகப்போயினம்?" என்று கேட்டேன்.

"இவரைக் கேட்டுப் பாக்கட்டோ எண்டு நான்தான் சொன்னனான். அவர் ஓம் எண்டிட்டார்."

இவர் என்றது என் மருமகன். அவர் வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வீட்டில் இருந்து இருந்து பேச்சே இல்லாமல் போயிருந்தார். நான்தான் முதலாளியிடம் சொல்லி அவரைச் சட்டி தூக்குகிற வேலைக்குக் கொண்டுவந்திருந்தேன். வந்து சில மாதம்தான். சரி, எங்கள் வீட்டுக்குள்ளேதானே என்று மனதைத் தேற்றினேன். நான் கோடு போட்டுச் சொற்களை வெட்டி வைத்த புத்தகத்தை என் கையாலேயே அவரிடம் கொடுத்தேன்.

அவர் பாஸ் பண்ணினார். அட்டை வந்தது. வங்கி அட்டை மாதிரிச் சின்னது, அவருடைய பெயர், பிறந்த திகதி. எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தோம். மருந்து அலுமாரியின் திறப்புச் சாவி அவருடைய இடுப்புக்கு வந்தது, கார்த் திறப்புக்குப் பக்கத்தில்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். அவர் நன்றாகத்தான் அடித்தார். பிழையாக அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பொறுமையாக, இலையின் அடிப்பக்கம் நனைய நனைய அடிப்பார். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பேன். "மாமி, கொஞ்சம் இழுங்கோ," என்பார். இழுப்பேன். அவர் பின்பக்கமாக நடந்து வருவதைப் பார்க்கும்போது என் கால்களும் சப்பாத்துக்குள் அசையும்.

கோபம் முழுவதும் முதலாளி மேலே போனது. இவ்வளவு காலம் வேலை வாங்கிவிட்டு, வயது போய்விட்டது என்பதை என் முகத்துக்கு நேரே சொல்லாமல் பிள்ளையிடம் சொல்லி அனுப்பினானே மனுசன் என்று. வெள்ளிக்கிழமைகளில் அவருக்கும் மனுசிக்கும் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோவேன். அதை நிறுத்தினேன். அவர் முதல் தடவை வாசலில் நின்று என் பையைப் பார்த்தார்.

"இன்றைக்கு வெள்ளி இல்லையா?"

"நேரம் இல்லை," என்றேன்.

பிறகு அவர் கேட்கவில்லை. காலை வணக்கம் மட்டும் சொல்வோம். அப்படியே மூன்று வருடம் போனது.

எங்களோடு ஒரு போலந்துக்காரி வேலை செய்தாள். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. ஒரு வசந்தத்தில் அவளுக்கு அறுபதாவது பிறந்தநாள். பவுசை அறையில் கேக் வெட்டி, அவளுடைய பாட்டை அவளும் எங்கள் பாட்டை நாங்களுமாகப் பாடினோம். அடுத்த குளிர்காலம் ஒரு வாரம் அவளைக் காணவில்லை. விடுமுறை என்று நினைத்தேன். திரும்பி வந்து கொஞ்ச நாளில், காற்சட்டைப் பையில் இருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து என் மூக்குக்கு முன்னால் ஆட்டினாள்.

"பார்! இனி நானும் பூச்சிகளுக்கு எமன்!" அவள் சொன்ன சொல் எமன் இல்லை, அவளுடைய மொழியில் ஏதோ. கருத்து அதுதான்.

"உனக்கு எப்படித் தந்தார்கள்?" என்று கேட்டேன்.

"ஏன், நான் முட்டாளா?"

"இல்லை. உனக்கு அறுபது. ஐம்பத்தைந்துக்கு மேல் கிடையாதே."

அவள் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "யார் உனக்குச் சொன்னது? என் வகுப்பில் எழுபது வயதுக் கிழவன் ஒருவன் இருந்தான். ஆப்பிள் தோட்டக்காரன். பரீட்சையிலும் நித்திரை கொண்டான், ஆனாலும் பாஸ்."

நான் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நேரே முதலாளியின் அறைக்குப் போனேன். என்னுடைய டொச் இலக்கணம் இல்லாத டொச். அதையே பேசினேன்.

"நான் அட்டை எடுக்க ஏன் நீங்கள் விடவில்லை? சட்டத்தில் வயது இல்லை. ஏன் பொய் சொன்னீர்கள்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நானா? நீதானே வேண்டாம் என்றாய்."

"நான் எப்போது சொன்னேன்?"

"உன் மகள் போனில் சொன்னாள். அம்மாவுக்கு விருப்பமில்லை, பரீட்சைக்குப் பயப்படுகிறா, உங்கள் முகத்துக்கு மறுத்துச் சொல்ல வெட்கப்படுகிறா, அவவிடம் கேட்டுவிடாதீர்கள் என்றாள். பிறகு மருமகனைப் பற்றிச் சொன்னாள்." கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். "அதற்குப் பிறகு நீ என்னோடு பேசுவதையே விட்டுவிட்டாய். வெட்கத்தில்தான் என்று நினைத்தேன்."

எனக்குச் சொன்னது அவர் வெட்கப்படுவார் என்று, அவருக்குச் சொன்னது நான் வெட்கப்படுவேன் என்று. இரண்டு பக்கமும் கதவைச் சாத்தி நடுவில் நின்றிருக்கிறாள் என் மகள்.

அன்று மருமகனிடம்தான் முதலில் கேட்டேன். அவர் தாங்கியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்குத் தெரியுமோ?"

"என்ன மாமி?"

நான் சொல்லச் சொல்ல அவருடைய முகம் வெளுத்தது. "நீங்க விரும்பேல்லை எண்டுதான் அவ எனக்குச் சொன்னவ. சத்தியமா, மாமி." இடுப்பில் இருந்து திறப்பைக் கழற்றி நீட்டினார். "இந்தாங்கோ. நீங்களே வைச்சிருங்கோ."

"அது என்னட்டை இருக்கக்கூடாது, தம்பி. அட்டைக்காரரிட்டைத்தான் இருக்கவேணும்."

தண்ணீர் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் பூட்டினேன்.

மகளோடு பேசியது அவளுடைய குசினியில். அவள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் கேட்டதும் கத்தியை வைத்தாள். பொய் சொல்லவில்லை, அந்த அளவுக்கு நல்லது.

"வேறை என்ன செய்யச் சொல்லுறியள் அம்மா? அந்தாள் நாள் முழுக்கச் சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தவர். பிள்ளையளோடைகூடக் கதைக்கிறேல்லை. ஒராளைத்தான் அனுப்புவன் எண்டு முதலாளி சொல்லுறார். நான் ஆரை யோசிக்கிறது?"

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா?"

"குடுத்திருப்பன்."

"ஓம், குடுத்திருப்பியள். குடுத்திட்டு, சாகுமட்டும் சொல்லிக் காட்டியிருப்பியள். நான் விட்ட அட்டை, நான் விட்ட அட்டை எண்டு. அவர் அதைத் தாங்கமாட்டார்."

"அதுக்கு எனக்குப் பயம் எண்டு சொல்லுவியோ? பரீட்சைக்குப் பயம் எண்டு?"

"அம்மா, எழுத்துப் பரீட்சையிலை நீங்க பெயிலாகியிருப்பியள். பிறகு அந்த வெட்கம் வேறை."

"ஞாயிற்றுக்கிழமை பாஸ் எண்டு சொன்னது ஆர்?"

அவள் கத்தியைக் கழுவப் போனாள். கத்தரிக்காய் கறுத்துப்போய்க் கிடந்தது.

கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேனா? இப்போது வரை எனக்கே நிச்சயமில்லை. கொடுத்துவிட்டுச் சொல்லிக் காட்டியிருப்பேன் என்பதும் பொய்யில்லை, என் குணம் எனக்குத் தெரியும். தாளில் பெயிலாகியிருப்பேனோ என்னவோ, அதுவும் தெரியாது. ஆனால் பெயிலாவதென்றால் நான் போய், கதிரையில் இருந்து, என் கையால் பெயிலாகியிருக்கவேண்டும். அதை அவள் எனக்காகச் செய்திருக்கக் கூடாது. சின்ன வயதில் அவளை எல்லா இடத்துக்கும் இழுத்துக்கொண்டு போனேன், அந்தக் கடனுக்கு இதைப் பொறுத்துக்கொள் என்று என் மற்றப் பிள்ளைகள் சொல்கிறார்கள். அவளுக்கு வாயைக் கொடுத்தேன் என்றால் என் பேச்சைச் சொல்லத்தான் கொடுத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனேன். முதலாளி கையில் ஒன்றை வைத்துக்கொண்டு கேட்டார். "இப்போது என்னைத் தவிர இரண்டு பேரிடம் அட்டை இருக்கிறது. மூன்றாவது எனக்குத் தேவையில்லை. ஆனாலும் நீ கேட்டால் இந்தக் குளிருக்கு உன்னை அனுப்புவேன். போகிறாயா?"

அவர் நல்ல மனதோடு கேட்டார். ஆனால் தேவைக்குக் கேட்டது வேறு, இரக்கத்துக்குக் கேட்பது வேறு. எனக்கு அந்த அட்டை ஆசைக்கு வைத்துப் பார்க்கிற பொருள் இல்லை. அதை வைத்துக்கொண்டு முன்னால் நின்று அடிக்கவேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். இனி நான் போனால் மூன்று பேர் ஒரு தாங்கிக்கு முறை வைக்கவேண்டி வரும்.

"வேண்டாம்," என்றேன். "இதை நான் சொல்கிறேன். என் வாயால்."

"விளங்குகிறது," என்றார். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அன்றே அலுவலகத்தில் இருந்த மகளின் இலக்கத்தை வெட்டி என்னுடையதைப் போடச் செய்தேன். பிறகு டொக்டரிடம், வங்கியில், ஓய்வூதிய அலுவலகத்தில். விளங்காவிட்டால் "மெதுவாகச் சொல்லுங்கள்" என்பேன். சொல்கிறார்கள். சிலர் அலுத்துக்கொண்டு சொல்கிறார்கள், ஆனால் சொல்கிறார்கள். ஒரு டெர்மினுக்குப் பிழையான நாளில் போய் நின்றிருக்கிறேன். நானே போய் நின்றேன், நானே திரும்பி வந்தேன்.

மகளோடு பேசாமல் இல்லை. ஒரே கட்டிடத்தில் மேலும் கீழும் இருக்கிறோம். கறி வரும், கறி போகும். மருமகன் இப்போது வேலை மாறி வேறு தோட்டத்தில் பொறுப்பாக இருக்கிறார், சந்தோசமாக இருக்கிறார், பேசுகிறார். அவள் செய்தது பலித்துவிட்டது என்று சொன்னாலும் சரிதான். இருந்தும் அவள் என்னிடம் எதையாவது "அவை இப்பிடிச் சொன்னவை, அம்மா" என்று கொண்டுவந்தால், நான் ஓம் என்று கேட்டுவிட்டு, மேலே போய் நானே ஒருதரம் போன் பண்ணிக் கேட்கிறேன். அவளுக்கும் அது தெரியும்.

வேலை செய்த காலத்தைப் பற்றி மூத்தவர்கள் எழுதித் தாருங்கள், ஆண்டு மலரில் போடுகிறோம் என்று தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கேட்டிருந்தார்கள். மகள் கேள்விப்பட்டு, "எழுதித் தாங்கோ அம்மா, நான் வடிவாத் திருத்தி அனுப்பிவிடுறன்," என்றாள். திருத்தவேண்டாம் என்றேன். அவளுடைய மகளுக்கு, என் பேத்திக்கு, பத்தொன்பது வயது. அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்படிப்புச் செய்கிறாள், தமிழ் தட்டித் தடவி வாசிப்பாள். அவள் இப்போதுதான் கதவைத் திறந்து வந்து சப்பாத்துக் கழற்றுகிறாள். அவளிடம்தான் கொடுக்கப்போகிறேன்.

இஞ்சை வா, பிள்ளை. கையைக் கழுவிப்போட்டு இதிலை இரு. இதை எனக்கு வாசிச்சுக் காட்டு. கொம்மாவைப் பற்றியும் கிடக்கு, கொப்பாவைப் பற்றியும் கிடக்கு, நீ வளர்ந்த பிள்ளை, பரவாயில்லை. விளங்காத சொல் வந்தா என்னைக் கேள், பாஞ்சு போகாதை. ஒண்டும் கூட்டாதை, ஒண்டும் குறைக்காதை. நான் எழுதினபடியே வாசி.